மருமகனுக்கு ஒரு லேத் மெசின்

"தம்பி, ஒண்டு கேக்கிறன், ஒளிக்காமச் சொல்லணும். லேத் மெசின் புதுசா வாங்குறது நல்லமா, பழசா வாங்குறது நல்லமா?"

மூதூர் லாஞ்சில் கடல் கடந்து வந்திறங்கி, வீட்டோடு ஒட்டிய பட்டறைக் கொட்டிலுக்குள் கிடந்த ஒரே கதிரையில் அமர்ந்த கையோடு அபூதாஹிர் ஹாஜியார் இப்படிக் கேட்டதும் முனாபுக்குச் சிரிப்பு வந்தது. பழைய மெசினை விற்க நிற்பவனிடம் கேட்கிற கேள்வியா இது?

"மெசின் ஆருக்கு, ஹாஜியார்?"

"மருமகனுக்குத்தான். மகளுக்கு வீடு கட்டி முடிச்சிட்டன். வளவுக்குப் பின்னால பெரிய கொட்டில் ஒண்டும் போட்டு, கரண்டும் இழுத்தாச்சு. மருமகன் வேற இடம் தேடி அலையாம, வீட்டோடயே வேலை செய்யட்டும் எண்டு நினைச்சன்."

"அவரையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே."

"அவருக்குக் கை நிறைய வேலை."

எவனோ அதிர்ஷ்டக்காரன் என்று முனாப் நினைத்துக்கொண்டான். கொஞ்சம் பொறாமையும் பட்டான். மௌத்தாகிப் போன வாப்பா கட்டிய இந்த வீடு, தங்கை ஸுல்பிகாவின் சீதனம். அவளுக்கு இது எட்டாம் மாதம். பிள்ளை பிறந்துவிட்டால் மெசின் சத்தத்தில் எப்படிக் கண்ணயரும்? அவள் புருஷன் றஊப் தங்கமான மனிதர், வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததால்தான் முனாப் தானாகவே மெசினை அப்புறப்படுத்த முடிவெடுத்தான்.

வியாழக்கிழமைக்குள் ஆள் கிடைக்காவிட்டால் பழைய இரும்பு வியாபாரி குலசிங்கம் லொறியோடு வந்துவிடுவார். சம்மட்டியால் நாலாய் உடைத்துத்தான் ஏற்றுவார். 

"வெள்ளைக்காரன் கப்பல் திருத்துற டொக்யாட்டை விட்டுப் போகக்குள்ள வாப்பா ஏலத்தில எடுத்தது, ஹாஜியார். நான் பன்னிரண்டு வருசமா இதிலதான் நிக்கிறன்."

"ஓட்டிக் காட்டுங்க பாப்பம்."

விரல் நீளப் பித்தளைத் துண்டொன்றைப் பூட்டி, முனாப் மெசினை ஓட விட்டான். பித்தளைத் தூள் மஞ்சளாய்ப் பறந்தது. கழற்றிக் கையில் கொடுத்த சாமானில் ஹாஜியார் தன் தாடியையே பார்த்துக்கொண்டார்.

"அடேயப்பா! இப்ப கொழும்புல புதுசெல்லாம் கப்பல் கப்பலா வந்து இறங்குது. போய்ப் பாத்தன், எல்லாம் பச்சைப் பெயின்ட் அடிச்சு மினுங்குது. ஆனா இந்த வேலையைப் பாத்தா இது ஒண்டும் குறைஞ்சதில்ல போல. எனக்கு மெசினைப் பத்தி ஒண்டும் தெரியாது. நீங்க சொல்லுங்க, இதையே எடுப்பமா?"

'ஓம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும், மெசின் சம்மட்டிக்குத் தப்பிவிடும். அந்த ஓம் முனாபின் நாக்கு நுனி வரை வந்தும் விட்டது. ஆனால் முகம் தெரியாத அந்த மருமகன் குறுக்கே வந்து நின்றான். மாமனார் ஆசையாய் வாங்கிக் கொடுத்த மெசினில் முதல் சாமானே கோணிப் போனால் ஊரில் எவன் அவனை மதிப்பான்?

"கொஞ்சம் பொறுங்க, ஹாஜியார்."

இரண்டடி நீள இரும்புக் கம்பியைப் பூட்டி, இந்தத் தலைப்பிலிருந்து அந்தத் தலைப்பு வரை கடைந்தான். பிறகு தடிப்பு அளக்கும் கலிப்பரை ஹாஜியாரின் கையில் கொடுத்தான்.

"ரெண்டு தலைப்பையும் அளந்து பாருங்க."

ஹாஜியார் அளந்தார். "என்ன தம்பி, ஒரு பக்கம் இறுகுது, மற்றப் பக்கம் ஆடுதே?"

"அதுதான் இதுட குறை. கத்தி நகர்ந்து போற பாதை ஒரு பக்கம் தேய்ஞ்சு போச்சு. குட்டைச் சாமானில தெரியாது. போட் எஞ்சின் சாஃப்ட் மாதிரி நீளமாக் கடைஞ்சா ஒரு நூல் சாயும். இதுட குணம் எனக்குத் தெரியும், கைப்பக்குவத்தில சமாளிச்சுப் போடுவன். உங்கட மருமகனுக்கு அது ஏலாது. வசதி இருந்தா புதுசையே எடுங்க."

சொல்லி முடித்ததும் அவனுக்குத் தன் மீதே ஆத்திரம் வந்தது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதையாகிவிட்டதே! முகத்தைத் திருப்பிக்கொண்டு எண்ணெய்த் துணியால் மெசினைத் துடைக்கத் தொடங்கினான். கண் கலங்கியது ஹாஜியாருக்குத் தெரிந்திருக்காது என்று நம்பினான்.

ஹாஜியார் எழும்பினார். மடியிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து மெசினின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து முடிச்சுப் போட்டார்.

"புதுசு இந்த அளவில வராது, ஹாஜியார். கடையில கேட்டு அளவெடுங்க."

"புதுசு ஆருக்கு வேணும்? இதுதான் எங்கட கொட்டிலுக்கு வரப்போகுது."

முனாபுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இந்தக் குறையோடயா? இவ்வளவு நேரமும் என்னத்தச் சொன்னனான்?"

"ஓம், குறையோடதான். மருமகனுக்கு இதுட குணம் நல்லாத் தெரியும்."

"அவர் இன்னும் இந்த மெசினைக் கண்ணாலயும் பாக்கல்லையே, ஹாஜியார்!"

ஹாஜியார் கயிற்றைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டு அவன் தோளில் கை வைத்தார்.

"பன்னிரண்டு வருசமா அவர் அதைத்தானே பாத்துக்கொண்டு நிக்கிறார்? எங்கட மகள் றம்லாவுக்கு உங்களை மாப்பிள்ளை கேட்டுத்தான் வந்தனான், மகன். மெசினும் உங்களோடயே வரட்டும்."