மருமகள் வாங்கிய மாத்திரை

"நேத்து சாயங்காலம் எம்மருமக முஸ்கான் இங்க என்ன மாத்திரை வாங்கிட்டுப் போனா? சொல்லும்மா!"

சைத்தூன் பீவி போட்ட சத்தத்தில், உப்பு லாரியை ஓரங்கட்டிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட மெடிக்கல் ஷாப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

கவுண்டரில் நிவேதா நின்றிருந்தாள். பார்மஸி படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்து இன்னும் முழுசாக ஒரு மாதம் ஆகவில்லை.

"சொல்லக்கூடாதும்மா. ஒருத்தர் வாங்குற மருந்தை இன்னொருத்தர்கிட்ட சொல்லக்கூடாதுன்னு பார்மசிஸ்டுங்களுக்கு விதி இருக்குது. பாருங்க, செவுத்துலகூட ஒட்டியிருக்கேன்."

"நான் இன்னொருத்தியா? அவளுக்கு மாமி! கல்யாணமாகி ரெண்டு வருஷமாகுது, வீட்ல தொட்டில் ஆடல. புள்ள வேணாம்னு மாத்திரை முழுங்குறாளா? அத மட்டும் சொல்லு."

கூட்டம் கூடிவிட்டது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் முஸ்கான் மேல் விழுந்த பழி அந்த நிமிடமே போய்விடும். வாய்வரை வந்துவிட்டதை நிவேதா பல்லைக் கடித்து அடக்கினாள்.

முதலாளி பஷீர் அஹமது எழுந்து வந்தார். "ஏம்மா, பெரியவங்க கேக்குறாங்க இல்ல? சொல்லி அனுப்பேன். நமக்கு யாவாரம் முக்கியம்."

"வேணும்னா வேலைய விட்டுப் போயிடுறேன் பாய். சொல்ல மாட்டேன்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. மரக்காணத்தில் இன்னொரு வேலைக்கு எங்கே போவது?

சைத்தூன் பீவி அவளை ஏற இறங்கப் பார்த்தார். சட்டென்று கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"இங்க என்ன வேடிக்கை? போங்கப்பா, அவங்கவங்க வேலையப் பாருங்க! பாய், நீங்களும்தான்!"

எல்லோரும் கலைந்ததும் கவுண்டர் மேல் குனிந்தார். குரல் அடியோடு தணிந்திருந்தது.

"மாஷா அல்லாஹ்! பஜார்ல இன்னொரு கடையில பக்கத்து வீட்டுக்காரி மருந்தைச் சும்மா விசாரிச்சேன். கேட்டவுடனே மடமடன்னு ஒப்பிச்சிட்டான். நீதாம்மா சரியான ஆளு."

"அதுக்காக மருமக பேரையா இப்படி இழுப்பீங்க?"

"அவ தங்கம்மா. நேத்து தலைவலி மாத்திரைக்கு இங்க வந்ததா அவளே சொன்னா. அப்படிக் கேட்டாத்தானே நீ அசையிறியான்னு தெரியும்? எனக்கு நெஞ்சுவலிக்கு டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்திருக்காரு. எம்புள்ள தவுசீப் வெள்ளிக்கிழமை துபாய்க்குக் கிளம்புறான். தெரிஞ்சா போகவே மாட்டான். முஸ்கான்கிட்டகூட மூச்சு விட்றாத."

நிவேதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இந்த அம்மாவை அப்படியே கட்டிக்கொண்டு ஒரு நல்ல சேதி சொல்ல வேண்டும்போலத் துடித்தது. சொல்ல முடியாதே!

நேற்று, கர்ப்பிணிகளுக்கான சத்து மாத்திரையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டே முஸ்கான் சொன்னாள்: "இது தெரிஞ்சா அவரு துபாய் போக மாட்டாருக்கா. மாமிகிட்டகூட மூச்சு விட்றாதீங்க."