லத்தீன் படித்தவனின் எம்.காம்.

"லத்தீன் படிச்சவனுக்கு லாப நட்டக் கணக்கு வருமா, மாப்ளே?"

கேட்டுவிட்டு யாக்கோபு தானே சிரித்துக்கொண்டார். அருப்புக்கோட்டையில் நெசவாளர்களுக்குச் சாயப்பொடி விற்பவர். விரலெல்லாம் நீலம் ஒட்டியிருந்ததால், மேசைமேல் கிடந்த மூன்று கல்லூரி விண்ணப்பங்களையும் தொடாமல் எட்டி எட்டிப் பார்த்தார்.

எதிரே உட்கார்ந்திருந்தவன் அவருடைய அக்காள் மகன் இன்பராஜ். எம்.ரெட்டியபட்டிக்காரன். தகப்பன் இல்லாத பிள்ளை. சாமியாராகப் போவதற்காகக் குருமடத்தில் சேர்ந்து, லத்தீனும் தத்துவமும் படித்துப் பட்டம் வாங்கியிருந்தான். போன வருசம், எழுபத்தொன்றில் லீவுக்கு வந்தபோதுகூட அவனை மரியாதையாக 'பிரதர்' என்று கூப்பிட்ட யாக்கோபு, இந்தத் தடவை அவன் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே 'மாப்ளே' என்று ஆரம்பித்துவிட்டார்.

காரணம் இல்லாமல் இல்லை. "சாமியார் படிப்பை நிறுத்தி வச்சிருக்கான்டா தம்பி. எம்.காம். படிக்கப் போறானாம்" என்று போன வாரம் சந்தையில் பார்த்தபோது அக்காள் சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் யாக்கோபுவின் காதில் ஏறவில்லை. வீட்டில் இருபது வயதில் மகள் ஞானப்பூ இருந்தாள்.

"கணக்கெல்லாம் வரும் மாமா. தர்க்கம் படிச்சிருக்கேன்ல" என்றான் இன்பராஜ். "எந்தக் காலேஜுல எடுப்பாகங்கிறதுதான் சிக்கல். மதுரையில பி.காம். படிச்சவுகளுக்கு மட்டுந்தானாம். பாளையங்கோட்டையில எந்தப் பட்டம்னாலும் சரி, ஆனா கணக்குப் பரீட்சை எழுதிட்டு உள்ள வரணும். திருச்சியிலதான் முதல்ல சேத்துக்கிட்டு, மூணு மாசம் சாயங்காலம் சாயங்காலம் அடியில இருந்து சொல்லிக் குடுக்குறாக."

"திருச்சியா? அம்புட்டுத் தூரம் எதுக்கு? மதுரைன்னா காலையில பஸ்ஸு ஏறுனா பத்து மணிக்குக் காலேஜு. ராத்திரி சாப்பாடு நம்ம வீட்டுல."

"அங்கதான் எடுக்க மாட்டாகளே மாமா."

"சொல்ற ஆளு சொன்னா எடுப்பாக. நம்மகிட்டச் சாயம் வாங்குறவரோட மச்சினன் அந்த ஆபீசுலதான் இருக்காரு."

"லத்தீனை பி.காம்.னு மாத்த அவராலயும் முடியாது மாமா."

ஞானப்பூ காப்பி கொண்டுவந்து வைத்தாள். "அத்தான், லத்தீன்ல வட்டிக்கு என்ன பேரு?"

"ஊசூரா."

"ஊசிப்போன மாதிரியில்ல இருக்கு!"

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். யாக்கோபுவுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. எழுந்து அடுப்படிக்குப் போனார்.

"பாத்தியா, ரெண்டும் எப்படிச் சிரிக்குதுக! பொண்ணு கேட்டு வந்த விருதுநகர்க்காரகளுக்கு வேண்டாம்னு காலையிலேயே சொல்லி அனுப்பிட்டேன்" என்றார் மனைவியிடம்.

தெரசாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நல்ல எடமாச்சே! இவன் வாயால ஒரு வார்த்தை சொன்னானா?"

"எந்த மாப்பிள்ளை வாயால சொல்லுவான்? நாமதான் சாடையில புரிஞ்சுக்கிடணும்."

திரும்பி வந்தபோது இன்பராஜ் மற்ற இரண்டு விண்ணப்பங்களையும் ஓரமாக ஒதுக்கியிருந்தான்.

"சரி, திருச்சியே இருக்கட்டும்" என்று இறங்கிவந்தார் யாக்கோபு. "ரெண்டு வருசம்தானே, ஓடிப்போயிரும். ஞானப்பூவும் அதுவரைக்கும் காத்திருப்பா."

இன்பராஜின் முகம் மலர்ந்தது. "நெசமாவா மாமா?"

"பின்னே? படிச்சு முடிச்சிட்டு எங்க, பேங்கா, மில்லா?"

"வேலை தயாரா இருக்கு. படிக்கச் சொன்னதே அவுகதான்."

"அப்படிப் போடு! சம்பளம்?"

"சம்பளம்னு பெருசா இல்ல மாமா. சாப்பாடு, தங்க எடமெல்லாம் அவுகளே பாத்துக்கிடுவாக."

குவார்ட்டர்ஸும் உண்டு! யாக்கோபு மகளை அந்த வீட்டில் குடிவைத்தே பார்த்துவிட்டார். வேட்டி நுனியில் விரல்களை அழுந்தத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். "குடு மாப்ளே. பாதுகாவலர்னு இருக்கும்ல, அந்த எடத்துல நான் கையெழுத்துப் போடுறேன். இனிமே உனக்கு எல்லாமே நான்தான்."

"அதுல ஏற்கனவே கையெழுத்தாயிருச்சே மாமா."

இன்பராஜ் தாளைத் திருப்பிக் காட்டினான். கையெழுத்துக்குக் கீழே, சிலுவை போட்ட வட்ட முத்திரை.

"பிஷப் ஆண்டகைதான் படிக்க அனுப்புறாக. மறைமாவட்டக் கணக்கு வழக்கப் பாக்க நம்ம சாமியார்கள்லயே படிச்ச ஆளு ஒருத்தர் வேணுமாம். எம்.காம். முடிச்சதும் மறுபடியும் நாலு வருசம் குருமடந்தான்" என்றவன், மாமாவின் கையைச் சந்தோசமாகப் பிடித்துக்கொண்டான். "ஆனா ரெண்டு வருசம் பத்தாது மாமா, ஆறு வருசம் ஆகும். ஞானப்பூவை அதுவரைக்கும் காக்க வையுங்க, அவ கல்யாணத்துக்கு நானே பூசை வச்சு, மாப்பிள்ளை கையில தாலி எடுத்துக் குடுக்குறேன்!"