வாளியோடு நின்றவள்

“இவர் மட்டும் போதும் தம்பி. பக்கத்துல வாளியோட நிக்கிறவளை வெட்டிடு. செத்தவர் படத்துல அவ எதுக்கு?”

கொத்தனாரின் மனைவி சொன்னபடியே ஸ்டுடியோக்காரர் வெட்டினார். படத்தில் கொத்தனார் தனியாக, முகமெல்லாம் நீர் வழிய, கண்களை இறுக்கிக்கொண்டு அழுதார்.

“இந்த மனுஷன் அழுது நான் பார்த்ததே இல்லையே,” என்று பதறினாள்.

ஸ்டுடியோக்காரர் வெட்டியதைத் திரும்பச் சேர்த்தார். கவிழ்ந்த வாளியோடு அந்தப் பெண் வந்ததும் அழுகை சிரிப்பாகிவிட்டது.

“அவளும் இருக்கட்டும்மா. யாரு அது?” என்றார்.

“சித்தாளா வந்த அன்னைக்கே இவர் தலையில தண்ணியைக் கவுத்தவ. அப்புறம் காலமெல்லாம் இவர் தலைமேலயே உக்காந்திருந்தவ.” தன் இளமை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “உசிரோட இருக்கறவ செத்தவரோட சுவர்ல தொங்கக் கூடாதுன்னு மகன் சொன்னான். இவரை அழவைக்கறதுக்குப் பதிலா நானும் தொங்கிட்டுப் போறேன் தம்பி.”