விடுதிப் பெட்டி

தகரக் கூரையின் ஓட்டை வழியே இறங்கும் வெயில் வீட்டுக்கு வந்திருக்கும் எஸ்தர் டீச்சரின் மடியில் வட்டமாய்க் கிடக்கிறது. தெய்வசிகாமணி அதையே பார்க்கிறார். டீச்சரிடம் படிக்கும் மகள் மரகதம் இரண்டு பள்ளிகளின் தேர்விலும் தேறிவிட்டாள். ஒன்று டவுன் ஹைஸ்கூல், நடந்தே போய்வரலாம். இன்னொன்று மைசூர்ப் பக்கம், சர்க்கார் விடுதிப் பள்ளி. அங்கே பெரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. மரகதத்தின் ஆசை அதன்மேல்தான். "சோறு போட்டு, துணி குடுத்து, படிப்பும் சும்மாவா? இன்னாத்துக்கு டீச்சர்?" என்று கேட்கிறார் தெய்வசிகாமணி. "புத்திசாலிப் புள்ளைங்க சர்க்காருக்கு வேணும், அண்ணா." "வேணும்னா சும்மா உட மாட்டானே. வேற இன்னா உண்டு அங்க? மறைக்காம சொல்லுங்க." டீச்சர் சிரிக்கிறார். "சனிக்கிழமை பெட்டியத் தொறந்து பாப்பாங்க. தின்பண்டம் ஒளிச்சி வெச்சிக்குதுங்களாம்." தெய்வசிகாமணி தன் காதிடுக்கிலிருந்து பீடியை எடுக்கிறார், பற்றவைக்கவில்லை. "ஒளிக்காத புள்ள பெட்டிய?" "எல்லார்துந்தான்."

"பாக்கட்டும்பா, எங்கிட்ட இன்னா இருக்கு?" என்று மரகதம் எழுகிறாள். கால்களை அகட்டி, இரு கைகளையும் தூக்கி, வாயை அகலத் திறந்து நாக்கை உயர்த்திக் காட்டுகிறாள். சுரங்கத்தில் ஷிஃப்ட் முடிந்து மேலே வந்ததும், தங்கம் ஒளித்திருக்கிறாரா என்று காவலாளி தடவிப் பார்க்க, தெய்வசிகாமணி தினமும் நிற்கும் நிலை அது. வீட்டில் அதை அவர் சொன்னதே இல்லை. எங்கே பார்த்தாள்? டீச்சர் தலை குனிகிறார். தெய்வசிகாமணி மகளின் கைகளை ஒவ்வொன்றாய்க் கீழே இறக்குகிறார். "டவுன் ஸ்கூலே போதும் டீச்சர்." மரகதத்தின் வாய் இன்னும் மூடவில்லை.