செவ்வாய், வியாழன், சனி

பதினோராம் நம்பர் படுக்கையில் வேறு யாரோ படுத்திருந்தார்.

நரைத்த தலை. கண்ணை மூடியிருந்தார். பக்கத்து மெஷினின் குழாய்களில் அவருடைய ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். என் கையைப் பிடித்து வந்த மகள் ஜாஸ்பினும் நின்றாள்.

"சிஜின் மாமா எங்கம்மா?"

டயாலிசிஸ் வார்டில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஒரு படுக்கையில் ஆள் மாறினால் மற்றவர்கள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்போம். இரண்டு வருடத்தில் நான்கு முறை அப்படிப் படுத்திருக்கிறேன்.

எனக்குப் பன்னிரண்டாம் நம்பர். செவ்வாய், வியாழன், சனி, மாலை ஷிப்ட். என் வீட்டுக்காரர் குளச்சலில் இருந்து விசைப்படகில் போனால் திரும்பி வர ஒரு மாதம் ஆகும். இராஜாக்கமங்கலத்தில் பத்து வயதுப் பிள்ளையைத் தனியாக விட முடியாமல், பள்ளிக்கூடம் விட்டதும் கூடவே நாகர்கோவிலுக்குக் கூட்டி வந்துவிடுவேன். ஞானம் சிஸ்டர் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுப்பார்.

அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் அவள் சைனிக் பள்ளி நுழைவுத் தேர்வுக்குப் படித்தாள். கோச்சிங் சென்டருக்கு அனுப்ப எங்களால் முடியவில்லை. கைடு மட்டும் வாங்கிக் கொடுத்தேன். முதல் நாளே பின்னக் கணக்கு புரியாமல் அழுதாள்.

"அழாத மக்கா. அந்த புக்கை இஞ்ச காட்டு."

பதினோராம் நம்பர் படுக்கையில் இருந்து சிஜின்தான் கூப்பிட்டான். முப்பது வயதுப் பையன். மஸ்கட்டில் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது சிறுநீரகம் பழுதாகி ஊருக்கு வந்தவன். வீடு குழித்துறையில்.

ஊசி ஏற்றிய இடது கையை அசைக்காமல், வலது கை விரலால் காற்றில் பின்னம் எழுதுவான். அவள் அதைப் பார்த்து நோட்டில் எழுதுவாள். பிரஷர் இறங்கி, கால் நரம்பு சுண்டி இழுக்கும் நாட்களில், "ஒரு நிமிசம் மக்கா" என்று பல்லைக் கடித்துக்கொள்வான். வலி விட்டதும் விட்ட வரியில் இருந்தே தொடங்குவான்.

ஏழு மாதம் இப்படி நடந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. வெளியே வந்தவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதலில் மாமாவிடம்தான் சொல்வாளாம். போன் போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். நேரில்தான் என்றாள்.

இப்போது அவள் பதினோராம் நம்பர் படுக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞானம் சிஸ்டர் எடை பார்க்கக் கூப்பிட்டார். மெஷினில் ஏறி நின்றேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"பதினொண்ணுல இருந்த தம்பி..."

"அவருக்குக் குழித்துறை ஆஸ்பத்திரியில டயாலிசிஸுக்கு எடம் கெடச்சாச்சுல்லா. நேத்துதான் கூப்பிட்டாவ. இன்னைலேர்ந்து அங்க."

எனக்கு மூச்சு வந்தது. "மாதாவே. ரெண்டு பஸ் மாறி வருவாரு, பாவம். இப்பமாவது கெடச்சுதே."

"இப்பமா?" சிஸ்டர் எடையைக் குறிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "ஓணத்துக்கு முந்தியே கெடச்சுதுக்கா. அவருக்க வீட்டுல இருந்து நடந்து போற தூரம். வேண்டாம், வேற ஆளுக்குக் குடுங்கன்னு எழுதிக் குடுத்துட்டாரு. மறுபடியும் எப்பக் கெடைக்கும்னு தெரியாதுன்னு நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். பிள்ளைக்கப் பரீட்சை முடியட்டும்னாரு. உங்ககிட்ட சொல்லவும் விடல்ல."

எடை மெஷினில் இருந்து இறங்கினேன்.

ஓணத்துக்குப் பிறகு வந்த மழையை நினைத்தேன். ஒருநாள் நனைந்த சட்டையோடு வந்து, நடுங்கிக்கொண்டே அவளுக்குச் சதவீதம் சொல்லிக் கொடுத்தான். பஸ் கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னான்.

படுக்கையில் ஏறியதும், ஊசி போடுவதற்கு முன் அவனுடைய எண்ணை அழுத்தினேன். அவன் குரல் கேட்டது. போனை ஜாஸ்பினிடம் கொடுத்தேன்.

அவள் ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கத்திலும் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"கணக்குல அம்பது கேள்வியும் எழுதிட்டேன் மாமா. ரெண்டுதான் சந்தேகம்."

"எந்த ரெண்டு? சொல்லு மக்கா," என்றான் சிஜின்.