குறை சொன்னால் கோபிக்காதவன்

"நிறுத்துங்க வேடியப்பன், நிறுத்துங்க. மோகனத்துல அந்த ஸ்வரமே கிடையாது" என்று சொல்லிக்கொண்டே மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக ஏறினார் சகாதேவன். பாதி முகம் மழித்திருந்தது. மீதிப் பாதியில் சோப்பு நுரை.

மாடி அறையில் இருந்தவன் சாக்ஸபோனை வாயிலிருந்து எடுத்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். குடிவந்து ஒரு வாரம்தான் ஆகிறது.

"தப்புங்களா சார்?"

"தப்பாவா? இல்லாத ஸ்வரத்தை இழுத்துட்டு வந்து நடுவீட்டுல உட்கார வெச்சிருக்கீங்க. அதுவும் சுருதி கம்மி. கேட்ட அதிர்ச்சியில கன்னத்தைக் கீறிக்கிட்டேன், பாருங்க."

சொல்லிவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்து நின்றார். அனுபவம். கலெக்டர் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே பத்திரிகைகளுக்குக் கச்சேரி விமர்சனம் எழுதியவர் சகாதேவன். உள்ளதை உள்ளபடி எழுதுவார். ஒரு பாடகர் இவர் போர்த்திய சால்வையை மேடையிலேயே திருப்பிக் கொடுத்தார். ஒரு மிருதங்கக்காரர் இவரைக் கண்டால் இன்றைக்கும் எதிர்ப் பக்கம் போய்விடுவார். ஒரு வயலின்காரர் அப்படிப் போகவில்லை. வில்லை ஓங்கிக்கொண்டு நேராக வந்தார்.

வேடியப்பன் கை கூப்பினான்.

"இப்படி எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமத்தாங்க சார் இத்தனை நாள் வீணாப் போச்சு. வேற என்னென்ன உங்க காதுக்கு ஒத்துக்கலை? ஒண்ணு விடாம சொல்லுங்க. போன்ல ரெகார்டு பண்ணிக்கிறேன், இல்லேன்னா மறந்துடும்."

இப்படி ஒருவர் கேட்டு சகாதேவன் பார்த்ததில்லை. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அபஸ்வரத்தைக்கூடப் பொறுத்துக்கலாம் தம்பி. ஒரு வரியைப் பாதியில விட்டுடறீங்க பாருங்க, அதுதான் எனக்கு ஆகவே ஆகாது. மிச்சம் நாள் பூரா மண்டைக்குள்ளயே சுத்தும். சோறு இறங்காது."

"சோறே இறங்காதுங்களா?" என்று அக்கறையாகக் கேட்டான் வேடியப்பன்.

மறுநாள் காலை எல்லா வரிகளும் பாதியில் நின்றன.

சகாதேவன் மறுபடி மேலே ஓடினார். "நீங்க சொன்னதிலேர்ந்து அந்த இடம் வந்தாலே பயமா இருக்குங்க சார், கை நின்னுடுது" என்றான் வேடியப்பன் பணிவாக. பயப்படக் கூடாது என்று எடுத்துச் சொன்னார் சகாதேவன். கூடவே, மத்தியானம் கண் அசரும் நேரத்தில் கேட்டால்தான் ஜாஸ்தி உறுத்துகிறது என்பதையும் சொல்லிவைத்தார். அதற்கு மறுநாளிலிருந்து மத்தியானமும் சாதகம் ஆரம்பமானது.

"ஏங்க, ஓனர்கிட்ட சொல்லக் கூடாதா?" என்றாள் உண்ணாமலை. அவள் காதில் பஞ்சு இருந்தது.

"சொல்லிட்டேன். திருமலை ரொம்ப வருத்தப்பட்டாரு. 'ஒரு கலைஞரைப் போய் எப்படி சார் வெளிய போகச் சொல்றது'ன்னாரு. நியாயம்தானே?"

"அப்ப நாமதான் போகணுமா? பிள்ளை சென்னைக்குக் கூப்பிட்டான், போகலை. வாடகையை ஏத்தினாங்க, குடுத்தோம். வீட்டை இடிச்சு கிரிவலம் வர்றவங்களுக்கு வாடகை ரூம் கட்டணும்னாங்க, முடியாதுன்னோம். எல்லாம் எதுக்கு? காலையில கதவைத் திறந்தா எனக்கு மலை தெரியணும். அவ்ளோதான் நான் கேட்டது."

"எங்கேயும் போக வேணாம். சொன்னா கேட்டுக்கிற பிள்ளை அவன். நான் சொல்லச் சொல்லச் சரியாயிடுவான்."

"நீங்க சொல்லச் சொல்லத்தாங்க மோசமாகுது."

அதை சகாதேவன் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் தை பிறந்ததும் இருவரும் வீட்டைக் காலி செய்தார்கள். பீரோவுக்குத் தோள் கொடுத்து டெம்போவில் ஏற்றியது வேடியப்பன்தான். "உங்களை மாதிரி இனிமே யாரு சார் எனக்குச் சொல்லப்போறாங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

வேங்கிக்காலில் புது வீடு. காலையில் கதவைத் திறந்தால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. உண்ணாமலை கதவைச் சாத்திவிட்டு வேலையைப் பார்த்தாள்.

சித்திரையில் கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணம். மண்டப வாசலிலேயே சகாதேவன் நின்றுவிட்டார். உள்ளே சாக்ஸபோனில் மோகனம். ஒரு ஸ்வரம் பிசகவில்லை, ஒரு வரி பாதியில் நிற்கவில்லை. எட்டிப் பார்த்தார். வாசித்துக்கொண்டிருந்தது வேடியப்பன்.

"பார்த்தியா? எல்லாம் நான் சொன்ன திருத்தம்" என்றார் மனைவியிடம். "வீடு போனா போகட்டும் உண்ணாமலை. ஒரு வித்வான் கிடைச்சுட்டான் இல்ல."

உண்ணாமலை பந்தி நடக்கும் பக்கம் போய்விட்டாள்.

தாலி கட்டி முடிந்து கூட்டம் கலைந்ததும் சகாதேவன் மேடை ஓரம் போனார். அவரைப் பார்த்ததும் வேடியப்பன் சட்டென்று எழுந்தான்.

"பிரமாதம் வேடியப்பன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

"எல்லாம் உங்க ஆசீர்வாதம் சார்."

"ஒண்ணே ஒண்ணு. உள்ளதை உள்ளபடி சொல்லிடறேன். உச்சிக்குப் போயிட்டு இறங்கறீங்க பாருங்க, அங்க மட்டும் கொஞ்சம் அவசரம்."

வேடியப்பன் முகம் கறுத்தது.

"இன்னா சார் அவசரம்? யாரைப் பார்த்து சொல்றீங்க? இந்த ஜில்லாவுல நான் வாசிக்காத மண்டபம் இல்ல. இதுவரைக்கும் ஒருத்தன் குறை சொன்னதில்ல. பேசாம போய்ச் சாப்பிடுங்க சார்."

சகாதேவனுக்குப் புரியவில்லை. "மாடியில தினமும் வந்து எவ்வளவு குறை சொன்னேன். ஒரு தடவைகூட நீங்க கோபப்படலியே தம்பி."

"அது ஓனர் திருமலை சொல்லி வாசிச்சது. நீங்க வீட்டைக் காலி பண்ற வரைக்கும் தப்புத் தப்பா ஊதுன்னு மாசச் சம்பளம் குடுத்தாரு" என்றான் வேடியப்பன். "இது நான் நெசமா வாசிச்சது சார்."