தெற்கு ஜன்னல்

கொத்தனார் ஓங்கி அடித்த அடியில் முதல் செங்கல் பெயர்ந்து வெளியே விழுந்தது.

அந்தச் சந்து வழியாகக் காற்று குபுகுபுவென்று சமையலறைக்குள் புகுந்தது. மருமகள் முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாமியார் பூஜை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வீடு கட்டும்போதே பொறியாளர் படித்துப் படித்துச் சொன்னாராம். வெயில் கொளுத்துகிற ஊர், காற்று வருவதே தெற்கிலிருந்துதான், அடுப்படிக்கு அந்தப் பக்கம் ஒரு ஜன்னல் வையுங்கள் என்று. மாமியார் ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். தெற்கு எமனுடைய திசை. அங்கே திறப்பு வைத்தால் வீட்டு ஆண்பிள்ளையின் ஆயுசுக்கு ஆகாது என்று வாஸ்து பார்த்தவர் அடித்துச் சொல்லியிருந்தார்.

ஆண்பிள்ளை நன்றாகத்தான் இருந்தான். வெந்தது மருமகள்.

ஆறு மாத வயிற்றோடு ஒரு நண்பகலில், அந்தப் புழுக்கம் தாங்காமல் அவள் அடுப்பு முன்னாலேயே மயங்கிச் சரிந்தாள். கணவன் எட்டிப் பார்த்தான். கொதித்துக்கொண்டிருந்ததை இறக்கி வைத்தான். அம்மாவுக்குப் பரிமாறி, தானும் சாப்பிட்டு, கை கழுவிவிட்டுத்தான் வண்டி பிடிக்கப் போனான்.

குழந்தை தங்கவில்லை. அதற்குப் பிறகு ஒன்றும் தங்கவில்லை.

அதைப் பற்றி அவள் யாரிடமும் வாயே திறந்ததில்லை. ஜன்னலைப் பற்றி மட்டும் பேசினாள். சாப்பாடு போடும்போது பேசினாள், துணி மடிக்கும்போது பேசினாள், அவன் கண்ணை மூடிய பிறகும் பேசினாள். வருஷக்கணக்கில் கரைத்ததில், கடைசியில் அவனே அம்மாவிடம் போய் நின்றான்.

"இந்தக் காலத்துல யாரும்மா இதெல்லாம் பாக்குறா?"

வெயில் தாழ்வதற்குள் சட்டம் பொருத்திக் கம்பியும் வைத்தாகிவிட்டது. கொத்தனார் கை கால் கழுவப் போனார்.

கணவன் வந்தான். சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, ஜன்னலுக்கு நெஞ்சைக் காட்டி நின்றான்.

"ஏசியெல்லாம் பிச்சை வாங்கணும் போ! நல்லவேளை, அம்மா மாதிரி நீயும் இந்தக் கதையை நம்பிக்கிட்டு உக்காந்திருக்கல."

அவள் கூடத்திலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்தாள். ஜன்னலுக்கு நேர் எதிரே போட்டு, அவனை உட்காரச் சொன்னாள்.

அந்த வீட்டில் மாமியாரைவிட உறுதியாக அதை நம்பியவள் அவள்தான்.